தேக்கரண்டியால சாப்பிட்ட கொத்துரொட்டி

விரதம் இருந்தே பாதி ஆளாகின ஒரே ஆம்பிளை வெள்ளவத்தையில நான்தான்.

சரி, பொய். என்ர வாழ்க்கையில ஒரே ஒரு விரதம் பிடிச்சனான். அதுவும் காலமை பத்து மணிக்கு முறிஞ்சு போச்சு. கோயில் மடத்தில ஆரோ வடை சுட்டவங்கள், காத்து எங்கட பக்கம் அடிச்சிட்டுது. நான் மெலிஞ்சது விரதத்தால இல்லை, கத்தியால. இந்தியாவில ஒரு டொக்டர் என்ர இரைப்பையை வெட்டித் தைச்சு, ஒரு கோழிமுட்டை அளவுக்குச் சின்னனாக்கி விட்டவர். அதை ஒருத்தருக்கும் சொல்லாமல் விரதம் விரதம் எண்டு புளுகித் திரிஞ்சதாலதான் நான் கொத்துரொட்டியும் கையுமாப் பொலிஸில இருக்க வேண்டி வந்தது.

முதல் என்னை ஆரெண்டு சொல்லவேணும். என்ர பேர் தர்மலிங்கம். அந்தப் பேர் எனக்கும் அடையாள அட்டைக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்கு நான் கிடாரம். கலியாண வீட்டில சோறு அவிக்கிற அந்தப் பெரிய பாத்திரம் இருக்கெல்லோ, அதுதான். கலியாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி எதெண்டாலும் கிடாரமும் கதிரையும் மேசையும் வாடகைக்குக் குடுக்கிறது என்ர தொழில். ஆறாம் வகுப்போட படிப்பை நிப்பாட்டினவனுக்கு (நான் நிப்பாட்டேல்ல, பள்ளிக்கூடத்துக்காரர்தான் நிப்பாட்டினவை) இது திறமான தொழில். கிடாரம் இறக்கப் போற வீட்டில சாப்பிடாமல் திரும்பி வந்தால் வீட்டுக்காரர் மனவருத்தப்படுவினம். நான் கொழும்பில ஒருத்தரையும் மனவருத்தப்பட விட்டதில்லை.

அதால வந்த உடம்பை இப்ப நினைச்சாலும் எனக்குப் பெருமைதான். த்ரீவீலில பின்னால ஏறினால் முன்சில்லு மண்ணை விட்டுக் கிளம்பப் பாக்கும். பஸ்ஸில கொண்டக்டர் என்னைப் பாத்திட்டு ரெண்டு டிக்கற் கிழிப்பான், நான் வாய் திறக்கமாட்டன். கோயில் திருவிழாவில நான் வீதியில உருண்டு பிரதட்டை அடிக்க வேட்டியை மடிச்சுக் கட்டினால் பின்னால நிக்கிற ஆக்கள் 'அண்ணை, நீங்கள் கடைசியா அடிச்சால் நல்லது' எண்டு கெஞ்சுவினம்.

ஆனால் என்ர கீர்த்தி கொடிகட்டிப் பறந்தது காசிம் நானாவின்ர சாப்பாட்டுக் கடையிலதான். காலி வீதியில இருந்து கடல்பக்கம் இறங்கிற ஒரு லேனில கடை. நான் கொத்துரொட்டி சாப்பிட உக்காந்தால் நானா கல்லாவை விட்டு எழும்பி வந்து, புதுசா வந்த ஆக்களுக்கு என்னைக் காட்டுவார். "பாருங்க, இவருதான் கிடாரம். இது மூணாவது பிளேட்." மிருகக்காட்சிச்சாலையில யானைக்குப் பக்கத்தில நிக்கிறவன்மாதிரி அவருக்கும் ஒரு பெருமை. சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவிப்போட்டு, ஒரு குறை சொல்லிப்போட்டுத்தான் நான் வெளிக்கிடுவன். எப்பவும் ஒரே குறைதான். குறை சொன்னால்தான் அடுத்தமுறை கூடப் போடுவாங்கள், அது சாப்பாட்டுக்காரரின்ர தொழில் ரகசியம். நானா பல்லைக் கடிச்சுக்கொண்டு நிப்பார்.

பிறகு நீரிழிவு வந்தது, பிறஷர் வந்தது, படி ஏறினால் மூச்சு என்னை விட்டிட்டு முன்னுக்குப் போச்சு. கொழும்பு டொக்டர் ஒராள் என்ர முகத்தைப் பாக்காமல் பத்மான்ர முகத்தைப் பாத்துச் சொன்னார்: "இப்பிடியே போனால் மகளின்ர கலியாணத்துக்கு இவர் படத்திலதான் நிப்பார்." பத்மா எண்டது என்ர மனிசி. அவ அண்டைக்கே கனடாவில இருக்கிற தமையனுக்கு போன் எடுத்தா. மச்சான் சல்லி அனுப்பினார். நாங்கள் சென்னைக்குப் போனம். ஊருக்கு பழனி, திருவண்ணாமலை எண்டு யாத்திரைக் கதை விட்டம்.

ஏன் ஒளிச்சனீ எண்டு கேப்பியள். வருத்தம் வந்து ஒபரேஷன் செய்தவனெண்டால் பழத்தோட பாக்க வருவினம். சாப்பாட்டை நிப்பாட்டத் தெரியாமல் வயித்தைத் தைச்சுக்கொண்டு வந்தவன் எண்டால்? முழு வெள்ளவத்தையையும் சிரிக்க வைக்கிறவன் நான். என்னைக் கேக்காமல் சிரிக்கிறது எனக்குப் பிடிக்காது.

புது வயிறு எனக்குள்ள ஒரு செக்பொயின்ற் போட்டமாதிரி வந்து இருந்துது. உள்ள போற ஒவ்வொரு சாமானையும் மறிச்சு விசாரிக்கும். மசிச்ச பருப்பு எண்டால் பேசாமல் விடும். அரை அவியல் முட்டை, பேலியகொடையில இருந்து வாற பச்சைமீன், பூசணிக்காய், கீரை இதுகளுக்குச் சலாம் போடும். இடியப்பம் சொதியில நல்லா ஊறியிருந்தால் 'சரி, போ' எண்டும். சோறு நாளைப் பொறுத்தது. கோழியின்ர நெஞ்சுச்சதை எண்டால் அரைமணித்தியாலம் மறிச்சு வைச்சு விசாரிக்கும். பானும் ரொட்டியும் கண்டவுடனே வந்த வழியால திருப்பி அனுப்பும். ஒரு வாய் எடுக்கிறது தேக்கரண்டியால. கஞ்சியாகிறமட்டும் சப்பவேணும். சாப்பிடேக்க தண்ணி குடிக்கப்படாது.

எல்லாத்தையும் விடப் பொல்லாதது சீனி. ஒருக்கா பத்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ரின்பாலில ஒரு கரண்டி நக்கினன். கொஞ்ச நேரத்தில நெஞ்சு யாழ்தேவி ரெயில்மாதிரி அடிக்குது, வேர்த்து ஊத்துது, கை நடுங்குது, தலை சுத்துது. குளியலறைச் சீமெந்தில மல்லாந்து படுத்திருந்தன். பத்மா வந்து பாத்தா. "களவாத் திண்டதுக்குச் சாமி தந்த தண்டனை" எண்டா. இந்தியா டொக்டருக்குப் போன் எடுத்தம். "சாமி இல்லைங்க, சீனி. சின்ன வயித்துல சீனி தங்காம நேரா குடலுக்கு ஓடிடும். படுத்திருந்தா சரியாயிடும்" எண்டார்.

இப்பிடி மாசங்கள் போச்சு. நானும் வடியிறன், வடியிறன், காச்சட்டை எல்லாம் கொடிக்கம்பத்தில ஏத்தின சீலைமாதிரி ஆடுது. காசிம் நானாவின்ர கடைப்பக்கம் மட்டும் நான் தலை வைச்சும் படுக்கேல்ல. போனால் சாப்பிடவேணும். சாப்பிட ஏலாதெண்டால் ஏனெண்டு சொல்லவேணும். அந்த லேனைக் கண்டால் பாமன்கடையால சுத்திக்கொண்டு போவன்.

வடக்கில சண்டை கடைசிக்கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கொழும்பில சந்திக்குச் சந்தி செக்பொயின்ற். பத்மா ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னா.

"இஞ்சேருங்கோ, அடையாள அட்டையை மாத்துங்கோ. படத்தில இருக்கிறது வேற ஆள்."

"விடப்பா. அந்தப் படத்தில நான் நல்ல வடிவு."

(அந்தப் படத்தில எனக்குக் கழுத்தே இல்லை. தலை நேரா சேட்டில முளைச்சிருக்கு. எண்டாலும் ஒரு களை.)

ஒரு நாள் பத்மான்ர தங்கச்சி வீட்டுக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போவமெண்டு ரெண்டுபேரும் த்ரீவீலில வெளிக்கிட்டம். வெள்ளவத்தை தாண்டேல்ல, மறிச்சாச்சு. "பஹின்ன" எண்டான் ஒரு பொடியன் பொலிஸ். இறங்கினம். அட்டையை வாங்கிப் பாத்தான். என்னைப் பாத்தான். திரும்ப அட்டையைப் பாத்தான்.

"மே ஓயாத?" இது நீயா எண்டு கேக்கிறான்.

"மம தமாய் மஹத்தயா" எண்டன். நான்தான் ஐயா.

அவன் சார்ஜனைக் கூப்பிட்டான். சார்ஜன் மீசைக்காரர். படத்தைக் கிட்டப் பிடிச்சு, தூரப் பிடிச்சு, வெயிலில பிடிச்சுப் பாத்தார். பிறகு வலு அமைதியாச் சிங்களத்தில கேட்டார்: "இந்தப் பெரிய ஆளை நீ எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?"

பின்னால வரிசையில நிண்ட ஒருத்தர் சிரிச்சார். எனக்குப் பகிடிக்குப் பகிடி விடாட்டில் நாக்குத் தினவெடுக்கும். "உள்ளுக்கை இருந்தவர் சேர், வெளிய போயிட்டார்" எண்டன். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

சேட் பொக்கற்றைச் சோதிச்சாங்கள். லேஞ்சியில சுத்தின ஒரு தேக்கரண்டி வந்துது. காச்சட்டைப் பொக்கற்றில ஒரு சின்னப் போத்தல், அதுக்குள்ள மஞ்சளாக் களிமாதிரி ஒண்டு. பேர் எழுதாத ஒரு பையில மருந்துக் குளிசை. சார்ஜன் போத்தலைக் கையை நீட்டித் தூரத்தில பிடிச்சுக்கொண்டு, "மேக்க மொகத்த?" எண்டார்.

"பருப்பு, சேர்."

ஒரு பொலிஸ் மூடியைத் திறந்து மணந்து பாத்தான். பருப்புத்தான் எண்டு ஒத்துக்கொண்டான். ஆனால் சார்ஜன்ர முகம் மாறேல்ல. பொக்கற்றில பருப்பு கொண்டு திரியிற மனிசனை அவர் கண்டதில்லை. நியாயம்தானே, நானும் என்னைத் தவிர ஒருத்தரையும் கண்டதில்லை.

"சேட்டைத் தூக்கு."

தூக்கினன். வயித்தில ஒபரேஷன் செய்த இடத்தில அஞ்சு சின்னத் தழும்பு. அதோட பகிடி முடிஞ்சுது. அந்த நாளில தமிழன்ர உடம்பில தழும்பு இருக்கப்படாது. சைக்கிளால விழுந்த தழும்புக்கே சாட்சி தேவை. சார்ஜன் கையைத் துவக்கில வைச்சுக்கொண்டு, இது என்ன எண்டார்.

வரிசையில எங்கட ஒழுங்கையில இருக்கிற ஆக்கள் நிக்கினம். என்ர ரகசியம் தொண்டை வரைக்கும் வந்திட்டுத் திரும்பிப் போச்சு.

"அப்பென்டிக்ஸ், சேர்."

சார்ஜன் ஒவ்வொண்டா விரலால தொட்டு எண்ணினார். "அஞ்சு அப்பென்டிக்ஸா?"

ஜீப்பில ஏத்திக்கொண்டு போனாங்கள். பத்மாவும் வலுக்கட்டாயமா ஏறினா. "நீங்கள் இறங்குங்கோ அம்மா" எண்ட பொலிஸைப் பாத்து, "உங்கட அப்பாவைக் கொண்டு போனால் உங்கட அம்மா இறங்குவாவோ?" எண்டு தமிழில கேட்டா. அவனுக்கு விளங்கேல்ல. எண்டாலும் நகர்ந்து இடம் விட்டான்.

ஒண்டு சொல்லவேணும். அந்தக் காலத்தில இப்பிடி உள்ள போனவையில சிலபேர் திரும்பி வரேல்ல. அதை நான் பகிடியா எழுத ஏலாது. ஜீப்புக்குள்ள பத்மா என்ர கையைப் பிடிச்சிருந்தா. முந்தி அவவின்ர கைக்குள்ள என்ர ரெண்டு விரல்தான் அடங்கும். அண்டைக்கு முழுக்கையும் அடங்கிச்சு.

பொலிஸில இருந்த இன்ஸ்பெக்டர் நல்ல மரியாதையான மனிசன். களைச்சுப்போன கண். பெல்ற்றுக்கு மேலால வழியிற நல்லதொரு வண்டி வயிறு. (வண்டியை நான் மதிப்புப் போடாமல் விடமாட்டன். என்ர பழைய வண்டியில கால்வாசி வரும்.) மேசையில அட்டை, தேக்கரண்டி, பருப்புப் போத்தல் மூண்டும் வரிசையா இருந்துது. பத்மா பொறுமை இழந்து, பொலிஸ் முழுக்கக் கேக்க, சிங்களமும் இங்கிலீசும் கலந்து உண்மையைக் கொட்டினா: இவர் தின்னி, தின்னுறதை நிப்பாட்டத்தான் வயித்தை வெட்டினது, அதாலதான் மெலிஞ்சவர்.

இன்ஸ்பெக்டர் தேக்கரண்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தார். பிறகு கேட்டார்: "குறைச்சுச் சாப்பிடவேணுமெண்டால் குறைச்சுச் சாப்பிட்டால் போதும்தானே? அதுக்கு ஏன் வயித்தை வெட்டவேணும்?"

மரியாதைக்கு நானும் தலையை ஆட்டினன்.

"ஆஸ்பத்திரிக் கடிதம்?" எண்டார்.

பத்மா என்னைப் பாத்தா. ஆரும் காணப்படாதெண்டு அதை அடுப்பில போட்டது நான்தான்.

"நான் இவற்ர மனிசி. நான் சொல்லுறன், இது என்ர புருசன். காணாதோ?"

"இஞ்ச வாற எல்லா நோனாமாரும் அப்பிடித்தான் சொல்லுகினம்" எண்டார் இன்ஸ்பெக்டர் பெருமூச்சோட. "வேற ஆர் உன்னை வடிவாத் தெரிஞ்ச ஆள்? இந்த ஏரியாவில கடை வைச்சிருக்கிற, எங்களுக்கும் தெரிஞ்ச ஆள்?"

அதுக்கு வெள்ளவத்தையில ஒரே பேர்தான். நான் ஒளிச்சுத் திரிஞ்ச அதே பேர். "காசிம் நானா" எண்டன். இன்ஸ்பெக்டரின்ர முகம் கொஞ்சம் மலர்ந்துது. அவரும் அங்க சாப்பிடுறவர்.

நானா சாரமும் தொப்பியுமா வேர்த்து விறுவிறுத்து வந்தார். இன்ஸ்பெக்டர் என்னைக் காட்டி, இந்தத் தர்மலிங்கத்தைத் தெரியுமோ எண்டு கேட்டார்.

"தர்மலிங்கமா? யாரு அது?"

"நானா, நான்தான் கிடாரம்!" எண்டு கத்தினன்.

நானா எனக்குப் பின்னால பாத்தார். கதவைப் பாத்தார். பிறகுதான் என்னைப் பாத்தார்.

"கடைப்பக்கம் ஆளையே காணல்ல, கிடாரம் கனடாவுக்குப் போயிட்டாரு. போகக்குள்ள எனக்கு ஒரு வார்த்தை சொல்லவும் இல்ல." அவற்ர குரலில அவ்வளவு நோ. "நீங்க யாரு தம்பி? ஏன் அவர்ர பேரச் சொல்றீங்க?"

மூண்டு பிளேட் கதையைச் சொன்னன். அவற்ர கடையில நான் இருந்து கதிரை உடைஞ்ச கதையைச் சொன்னன். நானா தலையை ஆட்டினார். "அது முழு வெள்ளவத்தைக்கும் தெரியும். கொரல் கொஞ்சம் அவருட மாதிரித்தான் ஈக்கி. ஆனா அவரு பேசினா கண்ணாடி அலுமாரி அதிரும்." (உண்மைதான். என்ர குரலும் என்னோட சேந்து மெலிஞ்சு போச்சு.)

பிறகு நானா இன்ஸ்பெக்டரைப் பாத்து ஒரு யோசனை சொன்னார். அவர் எனக்கு நல்லது செய்யிறதா நினைச்சுத்தான் சொன்னவர்.

"சேர், கிடாரம் சாப்பிடுற விதம் எனக்குத் தெரியும். ஒரு கொத்து கொண்டு வரச் சொல்றேன். முன்னுக்கு வெச்சுச் சாப்பிடட்டும். அவருண்டா நான் சொல்லிருவேன்."

இன்ஸ்பெக்டர் மணிக்கூட்டைப் பாத்தார், தன்ர வண்டியைத் தடவினார், "ரெண்டாச் சொல்லுங்கோ" எண்டார்.

கொத்து வந்துது. கனகாலத்துக்குப் பிறகு அந்த மணம். ரொட்டி, முட்டை, கோழி, கறிக்குழம்பு, சூடு. எனக்குக் கண்ணில தண்ணி வந்துது. பொலிஸ்காரர் அதைக் குற்ற உணர்ச்சி எண்டு நினைச்சிருப்பினம்.

"வேண்டாமப்பா!" எண்டா பத்மா. "பான்துண்டே இறங்காது, இது ரொட்டி. வேண்டாம்!"

"நோனா ஏன் பயப்படுறா?" எண்டார் சார்ஜன், மீசையைத் தடவிக்கொண்டு.

சாப்பிட்டால் வயிறு என்னை விடாது. சாப்பிடாட்டில் பொலிஸ் என்னை விடாது. வயிறு எண்டாலும் என்ர வயிறு, கதைச்சுச் சமாளிக்கலாம் எண்டு நினைச்சன். "என்ர கரண்டியைத் தாங்கோ" எண்டன். சார்ஜன் சாட்சிப் பொருளிலயிருந்து தேக்கரண்டியை எடுத்துத் தந்தார்.

கரண்டி நுனியில கொஞ்சம் எடுத்து வாயில வைச்சன். சப்பினன். சப்பினன். முழுப் பொலிஸும் வேலையை விட்டிட்டு என்ர தாடையைப் பாக்குது. முறைப்பாடு குடுக்க வந்த ஒரு கிழவனும் வாங்கில இருந்து எழும்பி வந்து நிண்டு பாக்கிறார். கஞ்சியாகிப் போச்சு, விழுங்கினன். போச்சு! செக்பொயின்ற் விட்டிட்டுது! ரெண்டாவது கரண்டி, அதுவும் போச்சு. எனக்குத் தலைக்கனம் ஏறிச்சு. பாத்தியளோ எண்டு பத்மாவைப் பாத்துக் கண்ணைக் காட்டினன். மூண்டாவதைச் சரியாச் சப்பேல்ல. நாலாவதைச் சப்பவே இல்லை.

நெஞ்சுக்குழிக்குள்ள ஆரோ கதவைச் சாத்தினான். மேலயும் வராது, கீழயும் போகாது. வாயில எச்சில் ஊறி வழியுது, நான் வாத்துமாதிரிச் சத்தம் போடுறன். இரக்கப்பட்ட ஒரு பொலிஸ் தன்ர பிளேன்டீயை என்ர வாயில வைச்சு ஊத்தினான். நல்ல பிள்ளை. சீனியும் நல்ல மனசோட அள்ளிப் போட்டிருந்தான். பத்மா பாய முதல் முழுக்க உள்ள போச்சு.

கதவு திறந்துது. எல்லாம் இறங்கிச்சு. "சரி சேர், பிரச்சினை இல்லை" எண்டு சிரிச்சன். இன்ஸ்பெக்டர் எதையோ கேக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில எனக்கு அவற்ர முகம் ரெண்டாத் தெரிஞ்சுது. நெஞ்சு அடிக்குது. சேட் நனைஞ்சு ஒட்டுது. கை நடுங்கி, தேக்கரண்டி தட்டில கிலுகிலு எண்டு அடிக்குது. கதிரையால சரிஞ்சன்.

"குப்பி! குப்பி கடிச்சிட்டான்!" எண்டு சார்ஜன் கத்தினார்.

இயக்கப் பொடியள் கழுத்தில கட்டிற நஞ்சுக்குப்பியைத்தான் சொல்லுறார். பொலிஸ் முழுக்க எழும்பிச்சு. ஒருத்தன் துவக்கை நீட்டுறான், ஒருத்தன் என்ர தாடையை அமத்தி வாயைத் திறக்கிறான், இன்னொருத்தன் ரெண்டு விரலையும் உள்ள விட வாறான். அவ்வளவு துவக்குக்கும் நடுவில பத்மா கைப்பையால அவன்ர கையில ஒண்டு போட்டா.

"அத்த ஹேதுவத?" கை கழுவினனீயோ எண்டு கேக்கிறா!

அவன் பாவம், நிண்டு தன்ர கையைப் பாத்தான். ஆனால் மற்றவன் விரலை விட்டிட்டான். நான் சத்தி எடுத்தன். நஞ்சு வரேல்ல. குப்பியும் வரேல்ல. காசிம் நானாவின்ர கொத்துத்தான் வந்துது, காசிம் நானாவின்ர சாரத்திலயே.

"சீனி! அவருக்குச் சீனி ஆகாது! கொஞ்ச நேரம் படுத்திருந்தால் சரியாயிடும்!" எண்டு பத்மா கத்தக் கத்த என்னை வாங்கில படுத்தினாங்கள். அவ ஒரு பைல்மட்டையை எடுத்து எனக்கு விசிறினா. இன்ஸ்பெக்டர் நானாவைப் பாத்தார்.

நானா சாரத்தைத் துடைச்சுக்கொண்டு, வலு கவலையாச் சொன்னார்: "இது அவரு இல்ல சேர். கிடாரம் என்ட கொத்த ஒரு நாளும் திருப்பித் தந்ததில்ல."

இன்ஸ்பெக்டர் பேனையை எடுத்தார். சார்ஜன் விலங்கைத் தேடினார். பத்மா விசிறுறதை நிப்பாட்டினா. மட்டையைக் கீழ போட்டிட்டு, ஜீப்புக்குள்ள பிடிச்சமாதிரி என்ர கையை இறுக்கிப் பிடிச்சா. அப்பதான் எனக்கு உண்மையாப் பயம் வந்துது.

வாயில கொத்தின்ர ருசி மட்டும் மிஞ்சியிருக்கு. நாக்கால ஒருக்காத் துழாவினன். முப்பது வருசப் பழக்கம், வாய் தன்ர பாட்டில திறந்துது.

"நானா… இண்டைக்கும் வெங்காயம் காணாது."

நானா துடைக்கிறதை நிப்பாட்டினார். அவற்ர காது சிவந்துது. பிறகு கழுத்து. பிறகு முழு ஆளும்.

"டேய்!" எண்டார். "டேய் கிடாரம்! சேர், இவன்தான்! வேற எவனுமே இல்ல, இவன்தான்! நான் கடை தொடங்கின நாள்ல இருந்து வாறான், தின்றான், கை கழுவறான், வெங்காயம் காணாதுங்கிறான்! மூட்டை மூட்டையா வெட்டிப் போட்டாலும் இவனுக்குக் காணாது! வாயிலிருந்து வெளிய வந்த பொறகும் காணாதாம் சேர், பாருங்க!"

பொலிஸ் முழுக்கக் கொல்லெண்டு சிரிச்சுது. முறைப்பாட்டுக் கிழவன் விளங்காமலே சிரிச்சார். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கேல்ல. தன்ர பிளேட்டை இழுத்து ஒரு வாய் எடுத்தார், யோசிச்சுச் சப்பினார், பேனையை மூடினார்.

"லூனு நம் டிக்கக் மதி தமாய்" எண்டார். வெங்காயம் எண்டால் கொஞ்சம் குறைவுதான்.

நானா அண்டைக்கு மன்னிச்சது என்னைத்தான். இன்ஸ்பெக்டரை இல்லை.

வெளிய வந்து படியில வைச்சு நானா என்னைக் கட்டிப்பிடிச்சார். முந்தி அவற்ர கை என்ர முதுகில பாதிக்கும் எட்டாது. அண்டைக்கு ரெண்டு கையும் பின்னால சந்திச்சுது. "கைக்குள்ள அடங்கிறியேடா" எண்டார். பிறகு, "ஏண்டா சொல்லல்ல? நான் சிரிப்பேனா?" எண்டார். பிறகு சிரிச்சார். வடிவா, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு. பின்னேரத்துக்குள்ள முழு வெள்ளவத்தையும் சிரிச்சு முடிச்சிட்டுது. நான் எதிர்பாத்த அளவுக்கு அது நோகேல்ல. சிரிச்ச ஆக்களில ரெண்டுபேர் இரவு களவா வந்து டொக்டரின்ர நம்பர் கேட்டவை.

அடுத்த கிழமை நானா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "ஒனக்கு என்னா என்னா எறங்கும், சொல்லு." சொன்னன். முட்டை, உதிர்த்த மீன், துருவின கரட், கனக்கக் குழம்பு. ரொட்டி இல்லை. வெங்காயம் மட்டும் நல்லா வதங்கி, பட்டுமாதிரி, குவியலாப் போட்டு, தேத்தண்ணிக் கோப்பையின்ர சோசரில வைச்சுக் கொத்தித் தந்தார். ஒவ்வொரு கரண்டியும் இறங்கிச்சு. முடிஞ்சு போச்சு, ஒண்டும் திரும்பி வரேல்ல. நானா எழும்பி வந்து புது ஆக்களுக்கு என்னைக் காட்டினார்: "பாருங்க, இவருதான் கிடாரம். ஒரு சோசர்லயே வயிறு நெறைஞ்சிரும்." மூண்டு பிளேட் சாப்பிட்ட நாளிலகூட நான் நெஞ்சை அவ்வளவு நிமித்தினதில்லை. அந்தச் சாப்பாட்டுக்குக் கடையில இப்பவும் 'கிடாரம் சோசர்' எண்டுதான் பேர். நீரிழிவுக்காரர் ஹெந்தளையில இருந்தும் வருகினம்.

அடையாள அட்டையை மாத்தினன்தான். ஆனால் சண்டை முடியுமட்டும் அந்தச் செக்பொயின்றில ஒருத்தனும் அதை வாங்கிப் பாக்கேல்ல. த்ரீவீலுக்குள்ள தலையை விட்டு, "லூனு மதித, அங்கிள்?" எண்டு கேப்பாங்கள். வெங்காயம் காணாதோ? "மதி, மதி" எண்டுவன். விட்டிடுவாங்கள். மகளின்ர கலியாணத்தில நான் படத்தில இல்லை, ஆளா நிண்டன். ஆனால் பந்தியில முதல் வாய் வைச்ச மருமகன், எல்லாரும் கேக்க, "மாமா, வெங்காயம் காணுமோ?" எண்டு தொடங்கி வைச்சவன், இண்டைக்கும் ஓயேல்ல. பேரப்பிள்ளை கதைக்கப் பழகினதே அந்தச் சொல்லோடதான்.

அதைவிட ஒரு சங்கதி இருக்கு. அந்த இன்ஸ்பெக்டர் இடம் மாறிப் போறதுக்கு முதல்நாள் எங்கட வீட்டுக் கதவைத் தட்டினார். யூனிபோம் இல்லை. தனிய. நானும் பத்மாவும் நடுங்கிப்போய்க் கதவைத் திறந்தால், மனிசன் ரெண்டு பக்கமும் பாத்திட்டு உள்ள வந்து, தன்ர வண்டியை ஒருக்காத் தடவிப்போட்டு, குரலைத் தாழ்த்தி, "தர்மலிங்கம், அந்த இந்தியா டொக்டர்…" எண்டு இழுக்க, நான்—

"இஞ்சேருங்கோ! முட்டை ஆறுது! வந்து வெங்காயம் காணுமோ எண்டு பாத்துச் சொல்லிப்போட்டுப் போய் எழுதுங்கோ!" எண்டு இப்ப குசினிக்குள்ள இருந்து பத்மா கூப்பிடுறா.

வாறன், வாறன்.

(பாக்கத் தேவையில்லை. காணாது.)